பாரணை இல்லாத விரதம்

நாளிதழின் மடிப்புக்குள் செருகி வரும் துண்டுத்தாள்களைச் செம்பாக்கத்தில் வாழும் நாம் வாசிக்காமல் எறிவதில்லை. இன்றைய விளம்பரத் தமிழ் எந்தத் திசையில் போகிறது என்பதற்கு அவற்றைவிட நேர்மையான சான்று கிடையாது. மனை விற்பனைக்கும் தனிப்பயிற்சி வகுப்புக்கும் நடுவே இப்போது ஒரு புதிய சரக்கு தலைகாட்டுகிறது. மூன்று நாள்; நாளொன்றுக்கு ஆறு புட்டி; ஆகப் பதினெட்டுப் புட்டிப் பழ, காய்கறிச் சாறு. வேறெதுவும் உண்ணலாகாது. மூன்றாம் நாள் இரவு உடலின் நச்செல்லாம் நீங்கி, நல்ல உணவுப் பழக்கத்தின் முதற்படியில் நாம் நின்றுகொண்டிருப்போமாம். விலை நான்கு இலக்கத்தில். அதோடு விட்டார்களா என்றால் இல்லை. இது நம் முன்னோர் கண்ட விரதத்தின் நவீன வடிவம் என்றும் ஒரு வாக்கியத்தைச் சேர்த்திருக்கிறார்கள்.

அந்த ஒரு வாக்கியம் இல்லாதிருந்தால் இக்கட்டுரைக்குத் தேவை நேர்ந்திராது. பணம் அவரவருடையது, வயிறும் அவரவருடையது. சாறு குடிப்பவரோடு நமக்கு எந்த வழக்கும் இல்லை. சித்திரை வெயிலில் கேம்ப் ரோடு சந்திப்பில் நின்று ஒரு சாத்துக்குடிச் சாறு குடிப்பதைக் குற்றமென்று சொல்பவன் மனிதனாக இருக்கமாட்டான். ஆனால், சாற்றைச் சாறென்று விற்காமல் விரதமென்று விற்பதும், உண்ணாமையை உணவுப் பழக்கத்தின் தொடக்கமென்று விற்பதும் வேறு. அவ்விரண்டையும் மறுப்பதே நம் நோக்கம்.

முதலில் முன்னோர். இந்தச் சாற்று முறைக்கு முன்னோர் இருக்கிறார்கள். அவர்கள் நம்மவர் அல்லர். எலுமிச்சைச் சாறு, மேப்பிள் மரப்பாகு, மிளகாய்த்தூள் ஆகியவற்றை நீரில் கலந்து பத்து நாளேனும் அதை மட்டுமே குடித்துக் கிடக்கும் முறையை 1940களில் வகுத்தவர் அமெரிக்கரான ஸ்டான்லி பரோஸ். 1976இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். பிறகு சாறு பிழியும் இயந்திரங்கள் வந்தன, திரை நட்சத்திரங்கள் வந்தார்கள், வீடு தேடி வரும் புட்டிகள் வந்தன. சென்னைக்கு இதில் ஒரு கிளைக்கதை உண்டு. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பூங்கா வாசல்தோறும் விடியற்காலையில் அருகம்புல் சாறு விற்றதை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். அடுத்து வாழைத்தண்டுச் சாறு. இப்போது வெண்பூசணிச் சாறு. ஒவ்வொன்றும் வந்தபோது சர்வரோக நிவாரணி. இருந்தும், அருகம்புல் விற்றவர்கூட இதைக் குடித்துவிட்டு வீட்டில் இட்லி சாப்பிடாதே என்று சொன்னதில்லை. அந்தத் துணிவு பிறகு வந்தது.

அடுத்து நச்சு. எந்த நச்சு என்ற எளிய கேள்வியை யாராவது கேட்டால் விற்பவர்கள் ஏன் தடுமாற வேண்டும்? 2009இல் பிரிட்டனில் இளம் அறிவியலாளர் குழுவொன்று 'நச்சு நீக்கம்' என்ற பெயரில் விற்கப்பட்ட 15 பொருள்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் உற்பத்தியாளர்களிடம் இதையே கேட்டது. அச்சொல்லுக்கு இரண்டு நிறுவனங்கள்கூட ஒரே பொருளைச் சொல்லவில்லை. 2015இல் இத்தகைய உணவுமுறைகள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்த ஒரு கட்டுரை, நச்சு வெளியேறியதைக் காட்டும் முறையான ஒப்பீட்டுச் சோதனை ஒன்றையும் காணவில்லை. நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, தேவையானதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டரளவை வெளியே அனுப்புகின்றன. கல்லீரல் தன் பங்குக்கு இரவும் பகலும் உழைக்கிறது. இந்த இரண்டும் செயலிழந்தவருக்குப் பதினெட்டுப் புட்டி போதாது. செயல்படுகிறவருக்கு ஒரு புட்டியும் வேண்டாம்.

செம்பாக்கத்துக்காரர்களான நமக்கு ஏரி ஓர் எடுத்துக்காட்டு. தெருக்களின் கழிவுநீர் வந்து கலந்து, ஆகாயத்தாமரை மூடிக் கிடந்த அந்த ஏரியைச் சீரமைக்க வந்த தன்னார்வ அமைப்பினர் மேலிருந்து நல்ல நீரை ஊற்றிக் கழுவ நினைக்கவில்லை. உள்ளே எது வருகிறது, எந்த வழியாக வருகிறது என்றுதான் முதலில் பார்த்தார்கள். (உடல் ஏரியன்று என்பது நமக்கும் தெரியும். ஆனால் 'உள்ளே அடைந்த அழுக்கு' என்ற உவமையைத் தொடங்கிவைத்தவர்கள் அவர்கள். உவமையை அதன் எல்லைவரை கொண்டுபோவதற்கு நமக்கு உரிமையுண்டு.)

ஆனால் எடை குறைகிறதே என்பார்கள். குறைகிறது, பொய்யன்று. கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்ற வடிவில் மாவுச்சத்தைச் சிறிது சேமித்து வைத்திருக்கின்றன. அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் நீர் சேர்ந்திருக்கும். உணவு குறைந்ததும் அந்தச் சேமிப்பு கரைகிறது, நீரும் போகிறது. எடைக்கருவியின் முள் இறங்குகிறது. நான்காம் நாள் சோறு உள்ளே போனதும் நீர் திரும்பி வருகிறது, முள்ளும் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. கொழுப்பு இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறது.

இவையெல்லாம் உலகெங்கும் சொல்லப்படும் மறுப்புகள். நம் ஊருக்கென்றே உரிய மறுப்பு ஒன்றிருக்கிறது, அதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு, சென்னையிலிருந்து வழிநடத்தப்பட்டது. அதே ஆய்வுத் தொடரில் 2025இல் வந்த கட்டுரை இந்தியர் பெறும் கலோரியில் 100க்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றும், அதில் பெரும்பகுதி தீட்டிய அரிசி, அரைத்த மாவு, சர்க்கரை ஆகியவையே என்றும், புரதம் மிகக் குறைவு என்றும் காட்டியது. ஆக, நம் தட்டின் நோய் எதுவென்று தெளிவாகிவிட்டது: வெள்ளைச் சோறு மலையாக, பருப்பும் காயும் ஓரத்தில் துணுக்காக. இதைத் திருத்த விரும்புகிறவருக்கு இவர்கள் தரும் மருந்து என்ன? நாரைப் பிரித்தெடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, பயறும் பருப்பும் மோரும் முட்டையும் அறவே விலக்கிவிட்டு, எஞ்சிய சர்க்கரை நீரை மட்டும் மூன்று நாள் தருகிறார்கள். நம் தட்டின் குற்றத்தை இது திருத்தவில்லை. அதையே வடிகட்டிப் புட்டியில் அடைக்கிறது.

கணக்கைப் பார்த்துவிடுவோம். ஓர் ஆரஞ்சுப் பழத்தில் சுமார் 12 கிராம் சர்க்கரையும் மூன்று கிராமளவு நாரும் இருக்கின்றன. கால் லிட்டர் ஆரஞ்சுச் சாற்றில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை; நார் பெயருக்குத்தான். உலக சுகாதார நிறுவனம் 2015இல் தந்த வழிகாட்டுதலில், பழச்சாற்றின் சர்க்கரையைச் சீனியோடு ஒரே வரிசையில்தான் வைத்திருக்கிறது. முழுப் பழத்திலுள்ளதை அவ்வரிசையில் சேர்க்கவில்லை. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு ஐம்பது கிராம் புரதமாவது வேண்டும். ஆறு புட்டியில் அதன் சிறு பங்கு தேறினாலே அதிகம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, சாற்றைவிட முழுப் பழமே நன்று என்கிறது. அடுத்த மாதமே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அடர்சாற்றை நீரூட்டி விற்கும் பொட்டலங்களில் 'நூறு விழுக்காடு பழச்சாறு' என்ற வாசகத்தை நீக்கச் சொன்னது. அமெரிக்காவில் 2025இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று நாள் சாறு மட்டும் குடித்தவர்களின் வாயில் அழற்சியோடு தொடர்புடைய நுண்ணுயிரிகள் பெருகியிருந்தன. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் மொத்தமே 14 பேர். அதை வைத்து நாம் முரசறையப் போவதில்லை.

'இயற்கையான காய்தானே, கெடுதல் என்ன வந்துவிடும்' என்ற வாதத்துக்கு இரண்டு உண்மை நிகழ்ச்சிகளைச் சொல்லவேண்டும்.

கேரளத்தில் இரும்பன்புளி என்று ஒரு காய் உண்டு. பிலிம்பி என்பது அதன் மற்றொரு பெயர். மீன் குழம்பில் புளிக்குப் பதிலாக இரண்டு மூன்றைப் போடுவார்கள். தலைமுறை தலைமுறையாக அதனால் எவருக்கும் தீங்கு வந்ததாகப் பேச்சில்லை. கொழுப்பைக் குறைக்கும் என்று கேள்விப்பட்டு அதையே அரைத்துச் சாறாகக் குடிக்கத் தொடங்கினார்கள் சிலர். அவ்வாறு குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைகளுக்கு வந்த 10 பேரைப் பற்றி 2013இல் இந்தியச் சிறுநீரகவியல் இதழில் மருத்துவர்கள் எழுதினார்கள். காயின் ஆக்சாலிக் அமிலம் சிறுநீரகத்தில் படிகமாகிப் படிந்துவிட்டது. எழுவருக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது.

இன்னொன்று தில்லியில், 2010இல். சுரைக்காய்ச் சாறும் பாகற்காய்ச் சாறும் கலந்து குடித்த அறிவியலாளர் ஒருவர் இறந்துபோனார். அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த வல்லுநர் குழுவின் அறிக்கை, கசந்த சுரைக்காயிலுள்ள குக்கர்பிட்டசின் என்னும் பொருளின் நச்சுத்தன்மையை விளக்கி, ஒரு துண்டைச் சுவைத்துப் பார்த்துக் கசந்தால் எறிந்துவிடுங்கள், வேறு சாற்றோடு கலக்காதீர்கள் என்று கூறியது.

இதைப் படித்தபோது நமக்கு வியப்பாக இருந்தது. வல்லுநர் குழு சொன்ன அந்தச் சோதனையை நம் வீட்டுப் பெண்கள் என்றைக்கோ செய்துவந்திருக்கிறார்கள். சுரைக்காயையும் வெள்ளரிக்காயையும் நறுக்கும்போது ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்து, கசந்தால் குப்பைக்கு அனுப்புவது அடுப்படியின் பழைய சட்டம். கூட்டு கசந்தால் சாப்பிடுகிறவன் தட்டைத் தள்ளிவிடுவான். சாறு கசந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பான், ஏனென்றால் கசந்தால்தான் மருந்து என்று அவனுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. இரும்பன்புளியும் அப்படியே. குழம்பில் மூன்றுக்கு மேல் போட்டால் வாயில் வைக்க முடியாது. அரைத்த சாற்றில் எத்தனை காய் போயிற்று என்று யார் எண்ணினார்கள்? சமையல் என்பது சுவைக்காக மட்டும் ஏற்பட்டதன்று. எதை எவ்வளவு உள்ளே விடலாம் என்று நாக்கைக் காவலுக்கு நிறுத்தி வைக்கும் ஏற்பாடும் அதுதான். சாற்றுப் புட்டி முதலில் அந்தக் காவலாளியை வேலையிலிருந்து நீக்குகிறது.

இப்போது விரதத்துக்கு வருவோம். ஏகாதசி விரதம் இருக்கும் வீடுகளை அறிந்தவர்களுக்கு, அந்த விரதத்தின் நுட்பம் பட்டினியில் மட்டும் இல்லை என்பது தெரியும். மறுநாள் துவாதசியன்று செய்யும் பாரணையில் இருக்கிறது அது. அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்று எதை உண்டு விரதத்தை முடிப்பது என்பது வரையறுக்கப்பட்டிருக்கிறது. ரமலான் நோன்பு முடிவில் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுகிறார்கள்: அரிசி, பருப்பு, வெந்தயம், பூண்டு. வசதிக்கேற்பக் கொஞ்சம் கறியும் விழும். பகல் முழுதும் காய்ந்த வயிற்றுக்கு அதைவிட அறிவான முதலுணவை எந்த உணவியல் வல்லுநரும் எழுதித் தரமுடியாது. அந்தக் கஞ்சியைத் தெருவில் மாற்று மதத்தாரும் தூக்குச்சட்டியோடு வந்து வாங்கிப்போவார்கள் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. விரதம் எங்கும் உணவை நோக்கியே நடக்கிறது. அதுவும் பலரோடு சேர்ந்து உண்ணும் உணவை நோக்கி. இந்தப் புட்டி விரதத்தின் நான்காம் நாளுக்கு என்ன ஏற்பாடு? ஒன்றுமில்லை. நம் நண்பர் வட்டத்தில் இருவர் இதைச் செய்தார்கள். ஒருவரின் பாரணை வேளச்சேரி சாலையில் பரோட்டாவோடும் மற்றவருடையது பிரியாணியோடும் நிறைவேறியது. அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. மூன்று நாள் மெல்லவே விடாமல் வைத்திருந்தால் பல் எதைக் கேட்கும்?

ஒரு நகைமுரணையும் இங்கே சொல்லிவிடலாம். இந்த நாட்டில் பழச்சாறு என்பது உண்ணாநோன்பை முடித்துவைக்கும் பொருள். 1948 ஜனவரி 18 அன்று காந்தி தம் கடைசி உண்ணாநோன்பை மௌலானா ஆசாத் தந்த பழச்சாற்றைப் பருகி முடித்தார். அன்று முதல் நம் ஊர்ப் பந்தல்களில் தலைவர்கள் பழச்சாறு கொடுத்து உண்ணாவிரதத்தை முடித்துவைக்கும் புகைப்படம் எத்தனை நாளிதழ்களில் வந்திருக்கிறது! சாறு வந்தால் நோன்பு முடிந்தது என்று பொருள். சாற்றையே நோன்பாக்கிய பெருமை இவர்களைச் சாரும்.

சித்தர்கள் சொன்னார்களே என்று ஒரு குரல் எழும். தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தை வைத்துக்கொண்டிருக்கும் நாம் அக்குரலைப் புறக்கணிக்க முடியாது. தேரையர் பாடியதாக வழங்கும் பிணியணுகா விதியில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்கு உண்பதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்திக்கு உண்பதும் கூறப்படுவது மெய்தான். அவை நமக்கு இன்று ஏற்புடையனவா என்பது தனி விவாதம். ஆனால் அந்தப் பாடல்களை முழுதும் படித்தவர்கள் இதையும் கண்டிருப்பார்கள்: மோரை எப்படிக் குடிப்பது, நெய்யை எந்த நிலையில் ஊற்றிக்கொள்வது, எந்தக் கிழங்கைத் தொடலாம், ஒரு நாளில் எத்தனை முறை உண்பது என்று அன்றாட உணவைப் பற்றிய விதிகள் அங்கே வரிசையாக வருகின்றன. பேதி அவற்றுள் ஒன்று. மற்றவற்றுக்குப் பதிலி அன்று. வள்ளுவரோ 95ஆம் அதிகாரத்துக்கு 'மருந்து' என்று தலைப்பிட்டுவிட்டு, முன் உண்டது செரித்ததா என்று அறிந்து அளவோடு உண்பதைப் பற்றித்தான் பெரிதும் பேசுகிறார். தமிழில் 'பத்தியம்' என்றொரு சொல் இருக்கிறது. எதை உண்ணலாம், எதை விலக்கவேண்டும், எத்தனை நாள், யாருக்கு என்ற அத்தனையும் அதற்குள் அடங்கும். அப்படியொரு சொல்லை வைத்துக்கொண்டு 'டீடாக்ஸ்' என்று எழுதுகிறவர்களிடம் நமக்கிருப்பது மொழிக் கோபம் மட்டுமன்று. பத்தியம் என்று எழுதினால் 'யாருக்கு' என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டி வரும்.

அந்தக் கேள்வியில்தான் ஆபத்து இருக்கிறது. துண்டுத்தாளிலிருந்த எண்ணுக்கு நம்மில் ஒருவர் பேசியபோது முகவரி கேட்டார்கள், எந்தச் சுவை பிடிக்கும் என்று கேட்டார்கள், முன்பணம் எப்படி அனுப்புவது என்று விளக்கினார்கள். நீரிழிவு உண்டா, என்ன மாத்திரை எடுக்கிறீர்கள், சிறுநீரகத்தில் கோளாறு உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓய்வூதியரும் அறுபதைக் கடந்த பெற்றோரும் நிறைந்த புறநகர் இது. காலையில் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பகலெல்லாம் சரியான உணவின்றி இருப்பவருக்குச் சர்க்கரை திடீரெனத் தாழக்கூடும். மாத்திரையை விட்டுவிட்டுச் சாறு குடிப்பவருக்குத் தாறுமாறாக ஏறும். இயற்கை மருத்துவமனைகளிலும் சாற்று உபவாசம் உண்டு. ஆனால் அங்கே மருத்துவர் இருக்கிறார், இரத்தத்தைச் சோதிக்கிறார், இன்னாருக்கு வேண்டாம் என்று மறுக்கவும் செய்கிறார். விற்பனையில் மறுப்பு என்ற சொல்லுக்கு இடமில்லை.

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறோம். நச்சும் வேண்டாம், முன்னோரும் வேண்டாம். மனத்துக்கு ஓர் உந்துதல் வேண்டும், பழைய பழக்கத்துக்கும் புதியதற்கும் நடுவே ஒரு கோடு கிழிக்கவேண்டும், அதற்கு மூன்று நாள் போதும் என்பார்கள். இதில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் பழக்கம் என்பது திரும்பத் திரும்பச் செய்வதால் வருவது. நான்காம் நாள் தொடரப்போகாத ஒன்றை மூன்று நாள் செய்வதில் எதைப் பழகுகிறோம்? உணவுப் பழக்கம் மனத்தில் மட்டும் குடியிருப்பதுமன்று. அது மளிகைப் பட்டியலில் இருக்கிறது. இரவு ஒன்பதரைக்கு மின்ரயிலில் இறங்கி வரும் வேலை நேரத்தில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சமைக்கிறவர் கையில் இருக்கிறது. சாறு குடிக்கும் கணவருக்கு மூன்று நாள் அடுப்படியில் வேலையில்லை (முன்பும் இருந்ததில்லை என்பது வேறு). சாறு குடிக்கும் மனைவியின் நிலையோ இன்னும் விந்தை: கையில் பச்சைப் புட்டி, அடுப்பில் மற்ற நால்வருக்கும் அதே பூரி, அதே உருளைக்கிழங்கு. அந்த வீட்டில் மாறியது என்ன?

மேற்சொன்ன தேசிய வழிகாட்டி, நாளொன்றுக்கு 2000 கலோரி வேண்டியவருக்கு 250 கிராம் தானியம், 400 கிராம் காய்கறி, 85 கிராம் பயறு பருப்பு என்று கணக்குத் தருகிறது. நம் வீடுகளில் ஆளுக்கு 400 கிராம் காய் என்றால், வாங்கும் பையின் அளவே மாறவேண்டும். பயறுக்கு நமக்கு அந்நிய யோசனை எதுவும் தேவையில்லை. நவராத்திரி ஒன்பது நாளும் விதவிதமாகச் சுண்டல் செய்யத் தெரிந்த சமூகம், பத்தாம் நாளிலிருந்து அதை மறந்துவிடுகிறது, மறக்காமலிருந்தால் போதும். மாலை ஐந்து மணிக்கு பஜ்ஜிக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை. வாரம் மூன்று நாள் தெருவில் வரும் கீரைக்காரம்மாவிடம் இரண்டு கட்டு. சோற்றுக் கரண்டியைச் சின்னதாக்கி, கூட்டுக் கரண்டியைப் பெரிதாக்குவது. இதற்கு மூன்று நாள் போதாது, மூன்று மாதம் ஆகும். முதல் வாரம் வீட்டில் முணுமுணுப்பு இருக்கும். பிள்ளைகள் கீரையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு அப்பளம் கேட்பார்கள். கீரையை ஆய்வதற்கு அரைமணி நேரம் பிடிக்கும். அந்த அரைமணி நேரத்தை வீட்டில் யார் தருவது என்று முதலில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.